டிஸ்கஸ் தொட்டித் தண்ணீரை நிலையாக வைத்திருக்க: புதியவர்களுக்கான செய்முறை

தட்டு வடிவ அலங்கார மீனான டிஸ்கஸ் வளர்க்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் கேட்பது, "பி.எச். எவ்வளவு இருக்க வேண்டும்?" என்றுதான். பி.எச். என்பது தண்ணீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் எண். என் பதில் சிலருக்கு ஏமாற்றமாக இருக்கும். 6.5 முதல் 7.5 வரை எதுவானாலும் சரி. இன்று இருக்கும் அளவே அடுத்த வாரமும் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

அமேசான் படுகையில், ரியோ நீக்ரோ போன்ற கருநீர் ஆறுகளில் வாழும் காட்டு டிஸ்கஸ் பி.எச். 5-க்கும் கீழான, உப்பே இல்லாத தண்ணீரில் இருப்பது உண்மை. ஆனால் சென்னை கொளத்தூர் கடைகளில் நாம் வாங்கும் மீன்கள் பெரும்பாலும் பல தலைமுறைகளாகப் பண்ணையில் பிறந்து வளர்ந்தவை. அவற்றுக்காக உங்கள் வீட்டில் அமேசானை உருவாக்க வேண்டியதில்லை. இன்று 7.6, நாளை 6.4 என்று தண்ணீர் ஆடினால்தான் அவை உடல் கறுத்து, துடுப்பை மடக்கிக்கொண்டு மூலையில் ஒதுங்கும்.

கீழே உள்ளது 250 லிட்டர் தொட்டி, அதில் ஐந்தாறு மீன்கள் என்ற கணக்கு. டிஸ்கஸ் கூட்டமாக வாழும் மீன். வளர்ந்த மீன் ஒன்றுக்குச் சுமார் 40 லிட்டராவது வேண்டும். சிறிய தொட்டியில் தண்ணீர் சீக்கிரம் கெடும் என்பதால் இதைவிடச் சிறிதாகத் தொடங்காதீர்கள்.

படி 1: வீட்டுத் தண்ணீரை அளந்து பாருங்கள்

மீன், தொட்டி, அலங்காரம் எல்லாவற்றுக்கும் முன்னால் இது. கையில் இருக்க வேண்டியவை: தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் மொத்த அளவைக் காட்டும் ஒரு டிடிஎஸ் மீட்டர், ஒரு வெப்பமானி, பி.எச்., கே.எச்., அம்மோனியா, நைட்ரைட், நைட்ரேட் ஆகியவற்றை அளக்கும் சொட்டுச் சோதனைப் பெட்டிகள். காகிதப் பட்டைகளை நான் நம்புவதில்லை. அவற்றின் நிறத்தைப் பார்த்து ஆளுக்கொரு எண் சொல்லலாம். பேனா வடிவ பி.எச். மீட்டர் வாங்கினால், உடன் வரும், பி.எச். 4.01, 6.86 என்று குறித்த பொடிகளைக் கரைத்து மாதம் ஒருமுறையாவது சரிபாருங்கள். சரிபார்க்காத மீட்டர் தரும் எண்ணால் பயனில்லை.

இவற்றில் புதியவர்கள் கண்டுகொள்ளாதது கே.எச்., அதாவது கார்பனேட் கடினத்தன்மை. தண்ணீரில் சேரும் அமிலத்தை அடக்கி, பி.எச். சரியாமல் தாங்கிப் பிடிப்பது இதுதான். சோதனை எளிது. 5 மில்லி தண்ணீரில் ஒவ்வொரு சொட்டாக விட்டுக் குலுக்க வேண்டும். நிறம் மாற எத்தனை சொட்டு ஆனதோ, பெரும்பாலான பெட்டிகளில் அதுவே கே.எச். அளவு.

சோதனைப் பெட்டி கிடைக்கவில்லை என்றால் மாவட்டக் குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் கட்டணம் செலுத்தித் தண்ணீரைக் கொடுக்கலாம். அறிக்கையில் மொத்தக் காரத்தன்மை என்று இருக்கும் எண்ணை 17.9-ஆல் வகுத்தால் கே.எச். கிடைக்கும். காரத்தன்மை 300 என்றால் கே.எச். ஏறக்குறைய 17.

ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரைப் பிடித்த உடனே பி.எச். பார்க்காதீர்கள். நிலத்தடியில் கரைந்திருக்கும் கார்பன் டை ஆக்சைடு வெளியேறும்வரை அது குறைவாகவே காட்டும். ஒரு வாளியில் பிடித்து, ஏர் பம்பை 24 மணி நேரம் ஓடவிட்டுப் பிறகு அளந்தால் வருவதே உண்மையான எண். அந்தத் தண்ணீரிலேயே நைட்ரேட்டையும் பார்த்துவிடுங்கள். உரம் அதிகம் போடும் விவசாயப் பகுதிகளில் நிலத்தடி நீரிலேயே நைட்ரேட் இருக்கலாம்.

படி 2: ஆர்.ஓ. தண்ணீரைக் கலந்து உங்கள் செய்முறையை முடிவு செய்யுங்கள்

கே.எச். 3 முதல் 6 வரை இருந்தால் தொடங்குகிறவருக்கு வசதி. நம் ஊர் ஆழ்துளைக் கிணறுகளில் அது 12, 16 என்று இருப்பது சாதாரணம். அப்போது ஆர்.ஓ. தண்ணீரை, அதாவது சவ்வு வடிகட்டி வழியாக உப்பு நீக்கிய தண்ணீரைக் கலக்க வேண்டும். ஆர்.ஓ. தண்ணீரின் கே.எச்.-ஐ ஏறக்குறைய பூஜ்யம் என்றே வைத்துக்கொள்ளலாம்.

கணக்கு இது: வேண்டிய கே.எச்.-ஐக் கிணற்றுத் தண்ணீரின் கே.எச்.-ஆல் வகுங்கள். கிணற்றில் 16, உங்களுக்கு வேண்டியது 4 என்றால் கால் பங்கு. 200 லிட்டர் டிரம்மில் 50 லிட்டர் கிணற்றுத் தண்ணீர், 150 லிட்டர் ஆர்.ஓ. தண்ணீர். கிணற்று டிடிஎஸ் 1000, ஆர்.ஓ. 40 என்றால் கலவை 280 வரும். கலந்த பிறகு கே.எச்.-ஐ ஒருமுறை சோதித்து, டிடிஎஸ் எண்ணைச் சுவரில் எழுதி ஒட்டிவிடுங்கள். அடுத்த முறை டிடிஎஸ் மீட்டரை நனைத்தாலே கலவை சரியா தவறா என்று தெரிந்துவிடும். மழைக்காலம், கோடைக்காலம் மாறும்போது மட்டும் கிணற்றுத் தண்ணீரைப் புதிதாக அளந்துகொள்ளுங்கள்.

இந்த இடத்தில் சிலர் சறுக்குகிறார்கள். அடுக்குமாடிக் குடியிருப்புகளில் பொதுவாக வைத்திருக்கும் சாஃப்ட்னர், கால்சியத்தையும் மக்னீசியத்தையும் எடுத்துவிட்டுச் சோடியத்தைக் கொடுக்கிறது. சோப்பு நன்றாக நுரைக்கும், ஆனால் கே.எச். அப்படியே இருக்கும், டிடிஎஸ்ஸும் குறையாது. அதை மென்னீர் என்று நம்பி டிஸ்கஸ் தொட்டியில் ஊற்றக் கூடாது. ஆர்.ஓ. இயந்திரத்தின் கழிவுக் குழாயில் வரும் தண்ணீரும் ஆகாது. கிணற்றின் உப்பெல்லாம் அதில்தான் செறிந்திருக்கிறது.

நேர்மாறாக, வெறும் ஆர்.ஓ. தண்ணீரில் மீன் வளர்ப்பதும் ஆபத்து. தாங்கிப் பிடிக்கக் கே.எச். இல்லாததால் பி.எச். ஒரே இரவில் சரியலாம். கே.எச். குறைந்துவிட்டால் சமையல் சோடா உதவும்: 100 லிட்டருக்கு 3 கிராம் சேர்த்தால் கே.எச். சுமார் 1 ஏறும். ஒரு நாளில் அதற்கு மேல் ஏற்ற வேண்டாம்.

பி.எச். குறைக்கும் திரவங்களைப் பற்றிக் கேட்பீர்கள். வாங்காதீர்கள். கே.எச். அதிகமுள்ள தண்ணீரில் அதை ஊற்றினால் பி.எச். இறங்கும், மறுநாள் ஏறி நிற்கும், மறுபடி ஊற்றுவீர்கள். அந்த ஏற்ற இறக்கம்தான் மீனைக் கொல்கிறது. பாதாம் மரத்தின் காய்ந்த இலைகள் நான்கைந்து போட்டால் தண்ணீர் தேநீர் நிறமாகும், மீனுக்குப் பிடிக்கும். கே.எச். 10 இருக்கும் தொட்டியில் அது பி.எச்.-ஐ அசைக்காது என்பதையும் தெரிந்துகொண்டு போடுங்கள்.

தொட்டிக்குள் போகும் கல், மணல் எல்லாவற்றிலும் நான்கு சொட்டு வினிகர் விட்டுப் பாருங்கள். நுரைத்தால் அதில் சுண்ணாம்பு இருக்கிறது. மெல்லக் கரைந்து கே.எச்.-ஐ ஏற்றிக்கொண்டே இருக்கும்.

படி 3: மீன் வருவதற்கு முன் பாக்டீரியாவை வளருங்கள்

மீன் வெளியேற்றும் அம்மோனியாவை ஒருவகை பாக்டீரியா நைட்ரைட்டாகவும், இன்னொரு வகை அதை நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. முதல் இரண்டும் நஞ்சு. மூன்றாவதைத் தண்ணீர் மாற்றி வெளியேற்றிவிடலாம். இந்தப் பாக்டீரியா ஃபில்டர் ஸ்பாஞ்சில் குடியேற 4 முதல் 6 வாரம் ஆகும். அதற்கு மீனைப் பலி கொடுக்கத் தேவையில்லை.

ஆய்வகத் தரமுள்ள அம்மோனியம் குளோரைடு வாங்கி, 250 லிட்டருக்கு ஒன்றரை கிராம் கரையுங்கள். அம்மோனியா 2 பிபிஎம், அதாவது லிட்டருக்கு 2 மில்லிகிராம் அளவுக்கு வரும். ஹீட்டரை 28 டிகிரியில் வைத்து ஃபில்டரை ஓடவிடுங்கள். அம்மோனியா இறங்கியதும் அதே அளவு மீண்டும் சேருங்கள். முதலில் நைட்ரைட் ஏறும், பிறகு அதுவும் விழும். 2 பிபிஎம் அம்மோனியா சேர்த்த 24 மணி நேரத்தில் அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யம் என்று வந்தால் தொட்டி தயார். பாதித் தண்ணீரையோ அதற்கு மேலோ மாற்றிவிட்டு மீனை விடலாம்.

நைட்ரேட் சோதனையில் இரண்டாவது குப்பியை அரை நிமிடம் பலமாகக் குலுக்கச் சொல்லியிருந்தால் குலுக்குங்கள். அடியில் படிந்த பொடி கலக்காவிட்டால் நைட்ரேட்டே இல்லை என்று பொய் சொல்லும்.

இந்த வாரங்களில் கே.எச்.-ஐ 4-க்குக் கீழே விடாதீர்கள். அம்மோனியாவில் உள்ள ஒவ்வொரு மில்லிகிராம் நைட்ரஜனை மாற்றவும் பாக்டீரியா சுமார் 7 மில்லிகிராம் காரத்தன்மையைத் தின்றுவிடுகிறது. கே.எச். தீர்ந்தால் பி.எச். 6-க்குப் போகும், அங்கே பாக்டீரியாவின் வேலை ஏறக்குறைய நின்றுவிடும்.

படி 4: தண்ணீர் மாற்றுவது

பெரிய பண்ணைகளில் நாள்தோறும் மாற்றுவார்கள். வீட்டில் வாரம் இருமுறை, ஒவ்வொரு முறையும் 30 சதவீதம் போதும். குஞ்சுகள் என்றால் இன்னும் அடிக்கடி மாற்றலாம். நைட்ரேட் 20 பிபிஎம்-ஐத் தாண்டாமல் இருப்பதே இலக்கு.

கலந்த தண்ணீரை ஒரு நாள் முன்பே டிரம்மில் பிடித்து ஏர் பம்ப் போட்டு வையுங்கள். மாநகராட்சித் தண்ணீரையோ லாரித் தண்ணீரையோ பயன்படுத்தினால் குளோரினைப் போக்க ஹைப்போ, அதாவது சோடியம் தயோசல்பேட், 100 லிட்டருக்கு 1 கிராம் கரையுங்கள். ஊற்றும் முன் மூன்றைப் பாருங்கள்: வெப்பம் தொட்டியோடு 1 டிகிரிக்குள், டிடிஎஸ் 40 பிபிஎம்-க்குள், பி.எச். ஏறக்குறைய அதே அளவு. மார்கழிக் காலையில் டிரம் 24 டிகிரியும் தொட்டி 29 டிகிரியுமாக இருக்கும். டிரம்முக்கும் ஒரு ஹீட்டர் வாங்குவது வீண் செலவல்ல.

ஸ்பாஞ்சைத் தொட்டியிலிருந்து எடுத்த பழைய தண்ணீரில் மட்டும் பிழியுங்கள். குழாய்த் தண்ணீரில் அலசினால் குளோரின் பாக்டீரியாவைக் கொன்றுவிடும். உணவு கொடுத்துப் பத்து, பதினைந்து நிமிடத்தில் மிச்சத்தை உறிஞ்சி எடுங்கள். மாட்டு இதயத்தை அரைத்துச் செய்யும் உணவைக் கொடுப்பவர்கள் இதில் சோம்பல்படவே முடியாது.

படி 5: பல மாதம் கவனிக்காத தொட்டி என்றால்

தண்ணீர் மாற்றாமல் விட்ட தொட்டியில் கே.எச். தீர்ந்து, பி.எச். 5.8-க்குச் சத்தமில்லாமல் இறங்கியிருக்கும். அம்மோனியாவும் சேர்ந்திருக்கும். ஆனால் அந்த அமிலத் தன்மையில் அது அம்மோனியம் என்ற தீங்கு குறைந்த வடிவில் இருப்பதால் மீன் நன்றாகவே தெரியும். திடீரென்று ஒருநாள் பி.எச். 8 உள்ள தண்ணீரைப் பாதித் தொட்டி ஊற்றினால் விபரீதம். 28 டிகிரியில் பி.எச். 7 என்றால் மொத்த அம்மோனியாவில் நஞ்சாக இருப்பது 1 சதவீதத்துக்கும் குறைவு, பி.எச். 8 என்றால் 6 முதல் 7 சதவீதம். "தண்ணீர் மாற்றினேன், மீன் செத்துவிட்டது" என்று புலம்புகிறவர்கள் பலருக்கு நடந்தது இதுதான்.

அப்படிப்பட்ட தொட்டியில் தினம் 10 சதவீதத்துக்கு மேல் மாற்றாதீர்கள். உணவைப் பாதியாகக் குறையுங்கள். தினமும் அம்மோனியாவையும் கே.எச்.-ஐயும் அளந்து, கே.எச். 3-ஐத் தொட்டு அம்மோனியா பூஜ்யமான பிறகு வழக்கமான அளவுக்குத் திரும்புங்கள்.

படி 6: மின்வெட்டு, கோடை

30 டிகிரித் தண்ணீரில் கரையக்கூடிய ஆக்சிஜன் லிட்டருக்குச் சுமார் 7.5 மில்லிகிராம்தான், 20 டிகிரியில் 9 வரை கரையும். டிஸ்கஸுக்குச் சூடு வேண்டும் என்பதால் நம் தொட்டியில் கையிருப்பு எப்போதும் குறைவு. பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்று வீட்டில் இருக்கட்டும். மே மாதத்தில் தண்ணீர் 32 டிகிரியைத் தாண்டினால் மூடியைத் திறந்து, நீர்ப்பரப்பின் மேல் சிறு மின்விசிறியை ஓடவிடுங்கள். ஆவியாகிக் குறையும் அளவை ஆர்.ஓ. தண்ணீரால் மட்டும் நிரப்புங்கள். ஆவியாவது தண்ணீர்தான், உப்பு உள்ளேயே தங்கிவிடும்.

தொட்டிக்கு வெளியே மூடிய டப்பாவாக இருக்கும் கேனிஸ்டர் ஃபில்டர் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. மின்சாரம் பல மணி நேரம் போய்த் திரும்பி வந்தால் அதை அப்படியே ஓடவிடாதீர்கள். உள்ளே ஆக்சிஜன் இல்லாமல் கெட்டுப்போன தண்ணீரைச் சாக்கடையில் கொட்டி, ஸ்பாஞ்சைத் தொட்டித் தண்ணீரில் ஒருமுறை அலசி, பிறகு இயக்குங்கள். அடுத்த இரண்டு நாள் அம்மோனியா சோதனையைத் தவறவிட வேண்டாம்.