சுயாதீனத் திரைப்பட நிதி நிறுவனம் ஒன்றின் வரலாற்றை எழுதும் முறை

பெரிய ஸ்டுடியோ ஒன்றின் வரலாற்றை எழுத முனைபவருக்குப் படப்பிடிப்புத் தளங்கள், நட்சத்திர ஒப்பந்தங்கள், ஊழியர் பதிவேடுகள் என்று ஆதாரங்கள் குவிந்து கிடக்கும். சுயாதீனமாகப் படம் தயாரித்து, பிறர் படங்களுக்கும் பணம் போடும் நிறுவனத்திடம் பெரும்பாலும் ஓர் அலுவலகமும் சில பேரும் ஒப்பந்தக் கோப்புகளும் மட்டுமே இருக்கும். தளம் வாடகைக்கு எடுத்தது, விநியோகம் வேறொருவர் கையில். அதனால்தான் இத்தகைய நிறுவனங்களைப் பற்றிய எழுத்து பலவும் வெளியான படங்களை ஆண்டுவாரியாக அடுக்கி, விருதுகளைச் சேர்த்துச் சொல்வதோடு முடிந்துவிடுகிறது. பணம் எங்கிருந்து வந்தது, எந்த நாளில் எதற்கு ஒப்புக்கொள்ளப்பட்டது, யாருக்கு முதலில் திரும்பியது என்பதைத் தொடர்ந்து சென்றால்தான் நிறுவனத்தின் கதை பிடிபடும். ஜேக் எபர்ட்ஸ் 1977இல் லண்டனில் தொடங்கிய கோல்ட்கிரெஸ்ட் நிறுவனத்தை முதன்மை எடுத்துக்காட்டாக வைத்து அந்த வழியை இங்கே விளக்குகிறேன்.

முதல் வேலை, ஒவ்வொரு படத்திலும் நிறுவனம் உண்மையில் என்ன செய்தது என்பதைத் தனித்தனியாகக் குறித்துக்கொள்வது. 1981இல் வெளியான ‘சாரியட்ஸ் ஆஃப் ஃபயர்’ படத்தை கோல்ட்கிரெஸ்டின் வெற்றியாகச் சொல்லும் வழக்கம் உண்டு. ஆனால் அந்நிறுவனம் கொடுத்தது திரைக்கதை உருவாகும் கட்டத்துக்கான பணம். தயாரிப்புச் செலவை ஏற்றவை அல்லைட் ஸ்டார்ஸும் ட்வென்டியத் செஞ்சுரி ஃபாக்ஸும். அடுத்த ஆண்டு வெளியான ‘காந்தி’ படத்திலோ, இந்தியாவின் தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகம் ஒரு பங்கை ஏற்க, கோல்ட்கிரெஸ்ட் பெருந்தொகையைப் போட்டது. இரண்டும் அடுத்தடுத்த ஆண்டுகளில் சிறந்த படத்துக்கான ஆஸ்கர் விருதைப் பெற்றவை; ஆனால் நிறுவனத்தின் கணக்கேட்டில் இரண்டுக்கும் ஒரே எடை கிடையாது. திரைக்கதைக் கட்டத்தில் போடும் பணம் சிறியது. படம் தொடங்காமலே போனால் அது முழுவதும் போகும், தொடங்கினால் வழக்கமாகப் படப்பிடிப்பின் முதல் நாளிலேயே கூடுதல் தொகையோடு திரும்பிவரும். எனவே திரைக்கதை முதலீடு, பங்கு முதலீடு (இலாபத்தில் பங்குக்காகப் போடும் பணம்), கடன், முன்விற்பனை உத்தரவாதம் (படம் முடியும் முன்பே உரிமைகளை விற்பதற்கான உறுதி), விற்பனை முகமை (உரிமைகளை விநியோகஸ்தர்களுக்கு விற்றுத் தருவது) என எந்த வேடத்தில் நிறுவனம் நின்றது என்று தெரியாத படத்தை அதன் சாதனைப் பட்டியலில் சேர்க்காமல் இருப்பதே நல்லது. திரையில் ஓடும் பெயர் வரிசையை மட்டும் இதற்கு நம்ப வேண்டாம். அந்த வரிசையே பேரம் பேசி வாங்கப்படுவது.

அடுத்து, வெளியீட்டுத் தேதியை அச்சாகக் கொள்ளும் பழக்கத்தை விட வேண்டும். ஒவ்வொரு படத்துக்கும் பணம் போட ஒப்புக்கொண்ட நாள், படப்பிடிப்பு தொடங்கிய நாள், முடிந்த படத்தை விநியோகஸ்தரிடம் ஒப்படைத்த நாள், வெளியான நாள், முதல் வருமானக் கணக்கு வந்த நாள் என ஐந்து தேதிகளை ஒரே தாளில் எழுதுங்கள். நிறுவனத்தின் விதி பெரும்பாலும் முதல் நாளில் எழுதப்படுகிறது. ஊர் அறிவதோ நான்காம் நாளில்தான். எபர்ட்ஸ் 1983இல் கோல்ட்கிரெஸ்டை விட்டு விலகி 1985இல் திரும்பினார். இடைக்காலத்தில் ஜேம்ஸ் லீ தலைமையில், ‘ரெவல்யூஷன்’, ‘அப்சல்யூட் பிகினர்ஸ்’, ‘தி மிஷன்’ ஆகிய மூன்று பெரும் செலவுப் படங்களின் தயாரிப்பு 1985இல் ஒன்றன்மேல் ஒன்றாக விழும்படி முடிவுகள் எடுக்கப்பட்டன. சுமார் 2.8 கோடி டாலரில் உருவான ‘ரெவல்யூஷன்’ அமெரிக்கத் திரையரங்குகளில் ஐந்து இலட்சம் டாலரைக்கூட எட்டவில்லை. 1986இல் ‘தி மிஷன்’ கான் விழாவின் தங்கப்பனை விருதை வென்றதை வெளியீட்டு வரிசைப்படி எழுதுபவர் நிறுவனம் மீண்டெழுந்த கட்டமாகக் காட்டிவிடுவார். ஐந்து தேதிகளையும் வைத்துப் பார்ப்பவருக்கு, விருது வந்தபோது பணப்பை ஏற்கெனவே காலி என்பது தெரியும். மறு ஆண்டே பிரென்ட் வாக்கர் குழுமம் நிறுவனத்தை வாங்கிவிட்டது.

‘ஒரே படம் நிறுவனத்தைக் கவிழ்த்தது’ என்ற கதை எங்கே கிடைத்தாலும் தேதிகளைச் சரிபார்த்துவிடுங்கள். மரியோ கஸாரும் ஆண்ட்ரூ வாய்னாவும் 1976இல் தொடங்கிய கரோல்கோ என்ற அமெரிக்கச் சுயாதீனத் தயாரிப்பு நிறுவனத்தை ‘கட்த்ரோட் ஐலண்ட்’ படம் அழித்தது என்பது இன்றுவரை சொல்லப்படும் கதை. அந்தப் படம் 1995 டிசம்பரில் வெளியானது. கரோல்கோ திவால் பாதுகாப்புக் கோரி மனு கொடுத்ததோ அதே ஆண்டு நவம்பரில். படத்தின் செலவு சுமையைக் கூட்டியது என்று சொல்லலாம், வசூல் தோல்வி கவிழ்த்தது என்று சொல்ல இடமில்லை.

இனி, பணம் திரும்பும் வரிசை. இதை விளங்கிக்கொள்ளாமல் எந்தப் படத்தையும் இலாபம், நட்டம் என்று எழுதக் கூடாது. ஒரு கற்பனைக் கணக்கைப் பார்ப்போம். திரையரங்க வசூல் 100 என்றால், அரங்கு 50ஐ எடுத்துக்கொள்கிறது. மீதி 50இல் விநியோகஸ்தர் தம் கட்டணமாக 30 விழுக்காடு, அதாவது 15ஐக் கழிக்கிறார். எஞ்சிய 35இலிருந்து பிரிண்ட் (திரையரங்குகளுக்கு அனுப்பும் படப் பிரதிகள்), விளம்பரச் செலவுக்கு 25 போனால் 10 மிஞ்சும். அந்தப் பத்தும் கடன் கொடுத்த வங்கிக்கு வட்டியோடு முதலில் போகும். அதன்பின் ஊதியத்தை ஒத்திவைத்த நடிகர், இயக்குநர். அதற்கும் பின்னரே பங்கு முதலீட்டாளர். பத்திரிகையில் ‘நூறு வசூல்’ என்று வந்த அதே படம் முதலீட்டாளருக்குச் சல்லிக்காசு தராமல் போவது இப்படித்தான். இந்த வரிசையில் உங்கள் நிறுவனம் எந்தப் படியில் நின்றது என்பதை ஒப்பந்தத்தில் தேடிக் கண்டுபிடியுங்கள். சில நிறுவனங்கள் ஒரே படத்தில் கடன் கொடுத்தவராகவும் பங்குதாரராகவும் விற்பனை முகவராகவும் மூன்று படிகளில் நிற்பதுண்டு. அப்போது படம் நட்டம், நிறுவனத்துக்கு இலாபம் என்ற விசித்திரமும் நிகழும்.

ஆதாரங்களில் நான் முதலிடம் தருவது கடன் பிணைப் பதிவுகளுக்கு. பிரிட்டனில் ஒரு நிறுவனம் தன் சொத்தைப் பிணையாக வைத்துக் கடன் வாங்கினால் 21 நாட்களுக்குள் நிறுவனப் பதிவகத்தில் பதிய வேண்டும். பதிவில் கடன் கொடுத்தவர், பிணையாக வைக்கப்பட்ட படம், தேதி ஆகியவை இருக்கும். கடன் தீர்ந்தால் அதுவும் வழக்கமாகக் குறிக்கப்படும். இரு தேதிகளுக்கும் இடையிலுள்ள காலம், படம் தன் கடனை அடைக்க எவ்வளவு இழுத்தது என்பதை எந்த நேர்காணலைவிடவும் நேர்மையாகச் சொல்லும். படத்துக்கொரு துணை நிறுவனம் தொடங்குவது இத்துறையின் வழக்கம் என்பதால், தாய் நிறுவனத்தின் பெயரோடு நிறுத்தாமல் துணை நிறுவனங்களின் பெயர்களிலும் தேட வேண்டும். அமெரிக்க உரிமைகளுக்கு அந்நாட்டுப் பதிப்புரிமை அலுவலகத்தில் பதிவான உரிமை மாற்றங்களும் அடமானங்களும் உதவும்; 1978 முதலானவற்றை இணையத்திலேயே தேடலாம். படம் குறித்த செலவில் முடியும் என்று உத்தரவாதம் தரும் நிறுவனங்களின் கோப்புகளும் அரியவை. 1950இல் லண்டனில் தொடங்கிய ஃபிலிம் ஃபைனான்சஸின் ஆவணங்கள் ஆய்வாளர்களுக்குத் திறந்துவிடப்பட்ட பிறகு பல பழைய படங்களின் செலவுக் கதைகள் மாற்றி எழுதப்பட்டன.

தொழிற்பத்திரிகைகளில் வரும் முதலீட்டு அறிவிப்புகளை நடந்தவையாக எடுத்துக்கொள்ளாமல், அறிவிப்புகளாக மட்டுமே பதிவுசெய்யுங்கள். சம்பந்தப்பட்டவர்களின் நினைவுக்குறிப்புகளிலும் இதே எச்சரிக்கை தேவை. எபர்ட்ஸே டெர்ரி ஐலட்டுடன் சேர்ந்து கோல்ட்கிரெஸ்ட் பற்றி எழுதிய நூல் 1990இல் வெளிவந்தது. தொகைகளுக்கும் கூட்டங்களுக்கும் அது பொக்கிஷம்; ஆனால் அவர் விலகியிருந்த ஆண்டுகளைப் பற்றிய பகுதிகளை மற்றவர்கள் விட்டுச்சென்ற தாள்களோடு ஒப்பிட்டே பயன்படுத்த வேண்டும்.

வெளிச்சூழலைச் சுருக்கமாகச் சொன்னால் போதும், ஆனால் சொல்லாமல் விடக் கூடாது. படச் செலவை முதலாண்டிலேயே முழுவதும் கழித்துக்கொள்ள இடம் தந்த பிரிட்டிஷ் வரிச்சலுகை 1984ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தோடு படிப்படியாக நீங்கத் தொடங்கியது. 1980இல் சுமார் 2.40 டாலராக இருந்த பவுண்டு 1985 தொடக்கத்தில் 1.05 டாலரை ஒட்டி இறங்கியது. ஆகவே எல்லாத் தொகைகளையும் ஒரே மாற்று விகிதத்தில் எழுதினால் கணக்கு முழுவதும் பிசகிவிடும். ஒப்பந்தம் எந்த நாணயத்தில் இருந்ததோ அதிலேயே எழுதுவது பாதுகாப்பானது.

வரலாற்றை எங்கே முடிப்பது என்ற கேள்விக்கு, அலுவலகம் மூடிய நாளில் முடிக்காதீர்கள் என்பதே என் பதில். படங்களின் உரிமைகள் நிறுவனத்தைவிட நீண்ட ஆயுள் உடையவை. கரோல்கோவின் படத்தொகுப்பு 1996இல் பிரான்சின் கனால் ப்ளுஸ் குழுமத்துக்குப் போய் இன்றும் வருமானம் தருகிறது. கடைசி அத்தியாயத்தில் ஒவ்வொரு படத்தின் நெகட்டிவும் பிரதேச உரிமைகளும் தொலைக்காட்சி உரிமைகளும் இன்று யாரிடம் உள்ளன என்று எழுதுங்கள். புகைப்பட அனுமதிக்காக நீங்கள் கடிதம் எழுத வேண்டிய முகவரிகளும் பெரும்பாலும் அந்தத் தேடலில்தான் கிடைக்கும்.