கம்பெனி ஸ்டீரியோவை மாற்றாமல் காரில் சப்வூஃபர் பொருத்துவது எப்படி?

சிறிய ஹேட்ச்பேக் கார்களில் கம்பெனியே பொருத்தித் தரும் ஸ்டீரியோவில் பாடகரின் குரல் தெளிவாகக் கேட்கும். தவிலின் தொப்பியும் (தாழ்ந்த ஒலி தரும் பக்கம்) பேஸ் கிட்டாரும் மட்டும் மெலிந்து ஒலிக்கும். ஒரு சேனலுக்கு உண்மையில் 15 முதல் 20 வாட் மட்டுமே தரும் டெக்கும் (டாஷ்போர்டில் உள்ள ஸ்டீரியோ) கதவுக்குள் இருக்கும் சிறிய ஸ்பீக்கரும் 60 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ள ஒலியை உரக்க எழுப்ப இயலாது. இதற்காக டெக்கையே மாற்றத் தேவையில்லை. ரிவர்ஸ் கேமரா, ஸ்டீரிங் பொத்தான்கள் எல்லாம் அதனுடன் பிணைக்கப்பட்டிருப்பதால், அதை அப்படியே விட்டுவிட்டு, பேஸ் எனப்படும் தாழ்ந்த ஒலிக்கென்றே உள்ள ஸ்பீக்கரான சப்வூஃபரை மட்டும் சேர்ப்பதே நல்லது.

டிக்கியில் இடத்தை இழக்க விரும்பாதவர்களுக்கு, இருக்கைக்கு அடியில் வைக்கும், ஆம்ப்ளிஃபையர் உள்ளடங்கிய 8 அங்குல சப்வூஃபர் போதும். பாட்டை ஆழ்ந்து கேட்பவர்களுக்கு என் பரிந்துரை, மூடிய பெட்டியில் அமைந்த 10 அங்குல வூஃபரும் தனி மோனோ (ஒற்றைச் சேனல்) ஆம்ப்ளிஃபையரும்தான். பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் 1000 வாட், 1200 வாட் என்னும் எண்களைப் பொருட்படுத்த வேண்டாம். ஆர்எம்எஸ் வாட், அதாவது தொடர்ந்து தரக்கூடிய வாட், எவ்வளவு என்று கேளுங்கள். சிறிய காருக்கு 200 வாட் ஆர்எம்எஸ் தாராளம். வாங்கும் ஆம்ப்ளிஃபையரில் ஹை லெவல் இன்புட் (ஸ்பீக்கர் கம்பியை நேரடியாக ஏற்கும் இணைப்பு) இருக்க வேண்டும் என்பதில் விட்டுக்கொடுக்காதீர்கள்; கம்பெனி டெக்குகள் பெரும்பாலானவற்றில் ஆர்சிஏ வெளியீடு (ஆம்ப்ளிஃபையருக்கு சிக்னல் தரும் தனித் துளை) இருக்காது.

சிக்னலைப் பின் ஸ்பீக்கர்களுக்குப் போகும் கம்பிகளிலிருந்து எடுக்கலாம். கம்பியை வெட்டினால் உத்தரவாதத்தில் சிக்கல் வரக்கூடும் என்பதால், உங்கள் கார் மாடலுக்கான கப்ளரை (வெட்டாமல் செருகும் இணைப்புக் கம்பித் தொகுப்பு) வாங்கி டெக்கின் பின்னால் இடையில் செருகுங்கள். சென்னையில் ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக் கடைகளில் மாடல் பெயரைச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள். இங்கே ஓர் எச்சரிக்கை: இன்றைய டெக்குகளில் ஸ்பீக்கரின் நெகட்டிவ் கம்பியும் ஒரு வெளியீடே, அது எர்த் அல்ல. அதைக் காரின் உடலில் இணைத்தால் டெக்கின் வெளியீட்டு ஐசி (ஒலியைப் பெருக்கும் சிப்) பழுதாகிவிடும்.

மின் இணைப்பைத் தொடங்கும் முன் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிடுங்கள். 200 வாட் ஆம்ப்ளிஃபையர் முழு ஒலியில் ஏறத்தாழ 20 ஆம்பியர் இழுக்கும். அதற்கு 8 கேஜ் (கம்பியின் பருமன் அளவு) செப்புக் கம்பியும் 30 ஆம்பியர் ஃபியூஸும் பொருந்தும். செப்பு முலாம் பூசிய அலுமினியக் கம்பி என்றால் இன்னும் ஒரு படி தடித்த கம்பிக்குப் போக வேண்டும். ஃபியூஸ் பேட்டரியிலிருந்து ஒன்றரை அடிக்குள் இருப்பது கட்டாயம். அது ஆம்ப்ளிஃபையரைக் காப்பதற்காக மட்டும் அன்று. கம்பி எங்காவது உரசித் தகட்டைத் தொட்டால் கார் தீப்பிடிக்காமல் காப்பதற்காகவே இருக்கிறது. எஞ்சின் பக்கத்துத் தகட்டைக் கடக்கும் இடத்தில் ரப்பர் கிரோமெட் (துளையின் விளிம்பை மூடும் வளையம்) வழியாகவே கம்பியை விடுங்கள். மஞ்சள் உறையிட்ட கம்பிகள் பெரும்பாலும் ஏர்பேக்குக்கு உரியவை. அவற்றை அசைக்கவே கூடாது. மின் கம்பியைக் காரின் ஒரு பக்கமாகவும் சிக்னல் கம்பியை மறு பக்கமாகவும் கொண்டுபோனால் இரைச்சல் கலக்கும் வாய்ப்பு குறையும்.

எர்த் இணைப்பில்தான் பலரும் அவசரப்படுகிறார்கள். எஞ்சின் வேகத்தோடு ஏறி இறங்கும் கீச்சொலி ஸ்பீக்கரில் கேட்டால், நான் முதலில் சந்தேகப்படுவது இந்த இடத்தைத்தான். டிக்கியின் தரைத் தகட்டில் ஒரு போல்ட்டைக் கழற்றி, சுற்றியுள்ள பெயிண்டை வெறும் தகடு பளிச்சிடும் வரை உப்புத்தாளால் தேய்த்து, வளைய லக்கை (கம்பி முனையில் பொருத்தும் உலோக வளையம்) நேரடியாக உலோகத்தின்மேல் வைத்து இறுக்குங்கள். பிறகு துரு ஏறாமல் இருக்க அதன்மேல் சிறிது பெயிண்ட் பூசுங்கள். சீட் பெல்ட் போல்ட்டை இதற்குப் பயன்படுத்தக் கூடாது. எர்த் கம்பி மின் கம்பியின் அதே பருமனில், இரண்டு அடிக்கு மிகாமல் இருக்கட்டும்.

ஆம்ப்ளிஃபையரை இயக்கும் ரிமோட் கம்பியை, சாவியைத் திருப்பினால் மட்டும் மின்சாரம் வரும் ஃபியூஸ் ஒன்றிலிருந்து எடுக்கலாம். சிக்னலை உணர்ந்து தானே இயங்கும் வசதி இருந்தால் அதுவும் தேவையில்லை.

இனி கெயின். அது ஒலியைக் கூட்டும் திருகு அல்ல. டெக்கின் வெளியீட்டை ஆம்ப்ளிஃபையரின் அளவுக்குப் பொருத்தும் திருகு. வூஃபர் கம்பியைக் கழற்றி, கெயினை முழுவதும் குறைத்து, பேஸ் பூஸ்டை அணைத்து, டெக்கின் ஒலியளவை முக்கால் பங்குக்கு வைத்து 50 ஹெர்ட்ஸ் சோதனை ஒலியை ஓடவிடுங்கள். ஏசி வோல்ட்டில் வைத்த மல்டிமீட்டரை ஆம்ப்ளிஃபையரின் வெளியீட்டில் பிடித்துக்கொண்டு கெயினை மெதுவாக ஏற்றுங்கள். ஆம்ப்ளிஃபையரின் ஆர்எம்எஸ் வாட்டையும் வூஃபரின் ஓமையும் (மின்தடை அளவு) பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் கிடைப்பதே நிறுத்த வேண்டிய வோல்ட்: 200 வாட், 4 ஓம் என்றால் 28 வோல்ட். கதவு ஸ்பீக்கர்களுக்கு இந்தச் சோதனை கடுமையானது. சில நொடிகளுக்கு மேல் ஓட்டாதீர்கள். டெக்கின் ஒலியளவை ஏற்றியும் மீட்டர் ஏறாமல் நின்றால், உரத்த ஒலியில் பேஸை டெக்கே குறைத்துவிடுகிறது என்று பொருள். மீட்டர் மிக அதிகம் காட்டும் ஒலியளவில் வைத்தே கெயினை முடிவு செய்யுங்கள்.

ஆம்ப்ளிஃபையரில் உள்ள லோ பாஸ் ஃபில்டரை (தாழ்ந்த ஒலியை மட்டும் விடும் வடிகட்டி) 80 ஹெர்ட்ஸில் தொடங்குங்கள். பிறகு ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்து, பழகிய பாட்டு ஒன்றை ஓடவிட்டு, ஃபேஸ் சுவிட்சை (சப்வூஃபரின் அலையை மற்ற ஸ்பீக்கர்களோடு ஒத்திசைக்கும் சுவிட்ச்) 0, 180 என இன்னொருவரை மாற்றச் சொல்லிக் கேளுங்கள். எந்த நிலையில் பேஸ் நிறைவாகவும், டிக்கியிலிருந்து அல்லாமல் முன்னாலிருந்து வருவது போலவும் கேட்கிறதோ அதுவே சரியான நிலை.

கதவு ஸ்பீக்கர்களின் சுமையைக் குறைக்க விரும்பினால், ஒவ்வொன்றின் பாசிட்டிவ் கம்பியிலும் 470 மைக்ரோஃபேரட் நான்-போலார் (பிளஸ், மைனஸ் முனை வேறுபாடு இல்லாத) கெப்பாசிட்டர் ஒன்றைத் தொடரில் இணையுங்கள். 4 ஓம் ஸ்பீக்கரில் ஏறத்தாழ 85 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ள ஒலியை அது படிப்படியாகக் குறைத்துவிடும். சப்வூஃபருக்கான சிக்னலைக் கெப்பாசிட்டருக்கு முன்பே எடுத்திருக்க வேண்டும். இல்லையென்றால் சப்வூஃபருக்கும் பேஸ் போகாது.

அரை மணி நேரம் பாட்டு ஓடிய பிறகு ஃபியூஸ் தாங்கியையும் எர்த் லக்கையும் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் அந்த இணைப்பு தளர்ந்திருக்கிறது. கழற்றி மீண்டும் இறுக்க வேண்டும். பெட்டியை இரண்டு பட்டைகளால் தரையோடு கட்டிவிடுங்கள். பின்பக்க நம்பர் பிளேட் அதிர்ந்தால், அதன் பின்னால் ஒட்டும் ஃபோம் துண்டு ஒன்றே போதும்.