கர்ச்சனையை வைத்துச் சாதி பிரிக்காதீர்கள்: பெரும்பூனைகள் பற்றி அடிக்கடி வரும் பிழைகள்

உயர்தர உயிரியல் விடைத்தாளிலும் சரி, கிழக்கிலங்கையின் குமண, லகுகல காட்டுப் பக்கம் எடுத்த படத்தை முகநூலில் போடும்போதும் சரி, பெரும்பூனைகள் விசயத்தில் ஒரே பிழைகள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன.

பெரிய பிழை, "கர்ச்சிப்பவை எல்லாம் பாந்தெரா" என்று எழுதுவது. சிங்கம், புலி, ஜாகுவார், சிறுத்தை, பனிச்சிறுத்தை ஆகிய ஐந்தும் பாந்தெரா என்ற இந்தச் சாதிக்குள் (பேரினம், genus) வரும். ஆனால் பனிச்சிறுத்தை கர்ச்சிப்பதில்லை. முன்பு அதை உன்சியா என்ற தனிச் சாதியில் வைத்திருந்தார்கள். புலிக்கு நெருங்கிய உறவு என்று மரபணு ஆய்வுகள் காட்டிய பிறகு உள்ளே எடுத்தார்கள். சாதியைத் தீர்மானிப்பது வம்சாவளிதான்.

1916இல் பொகொக் என்ற விலங்கியலாளர் நாக்கடியிலுள்ள ஹயோயிட் என்பை வைத்துப் பூனைகளைப் பிரித்தார். அது முழுதாக என்பாகாமல் ஒரு பகுதி இழுபடும் நாராக இருப்பதுதான் கர்ச்சனைக்குக் காரணம் என்று இன்னும் குறிப்புகளில் எழுதிக் கொடுக்கிறார்கள். பனிச்சிறுத்தைக்கும் அதே அமைப்புத்தானே, அது ஏன் கர்ச்சிக்கவில்லை? விசயம் குரல் நாணில் இருக்கிறது. சிங்கத்துக்கும் புலிக்கும் அது நீண்டு, உள்ளே கொழுப்புச் சேர்ந்து தடித்து, விளிம்பு சதுரமாக இருக்கும். அதனால் குறைந்த காற்றழுத்தத்திலேயே பலத்த ஒலி எழும். சிறுத்தையிடம் சிங்கக் கர்ச்சனையை எதிர்பார்க்க வேண்டாம். வாளால் மரம் அரிவது போல விட்டுவிட்டுக் கேட்கும்.

உடம்பின் அளவும் ஏமாற்றும். பூமா நிறையில் சிறுத்தைக்குச் சளைத்ததல்ல, ஆனாலும் அதுவும் சீட்டாவும் வீட்டுப் பூனையின் உபகுடும்பம். படைச்சிறுத்தை பெரும்பூனைகளின் உபகுடும்பம்தான், சாதி மட்டும் நியோபெலிஸ். கருஞ்சிறுத்தை தனி இனமே இல்லை. கருநிறமி கூடிய சிறுத்தை அல்லது ஜாகுவார், அவ்வளவுதான்.

இலங்கையின் நான்கு காட்டுப் பூனையினங்களில் பாந்தெரா சிறுத்தை மட்டுமே. வாவியோரக் கண்டல்களிலும் வயற்கரையிலும் "சிறுத்தைக்குட்டி" என்று படம் பிடிப்பது பெரும்பாலும் மீன்பிடிப் பூனை. வாலைப் பாருங்கள்: மீன்பிடிப் பூனைக்கு உடம்பில் பாதி நீளமும் வராத கட்டை வால், சிறுத்தைக்கு நீண்ட வால். அடுத்தது புள்ளி: சிறுத்தையின் முதுகிலும் விலாவிலும் நடு வெளிறிய வளையங்கள், மற்றதற்கு நிரம்பிய புள்ளிகள் வரிசையாக ஓடும். குட்டி என்று நினைத்துத் தூக்கி வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டாம். தாய் பெரும்பாலும் அருகில்தான் இருக்கும்.

நம் சிறுத்தையின் துணையினப் பெயர் பாந்தெரா பார்டஸ் கொட்டியா. 1956இல் இலங்கை விலங்கியலாளர் தெரணியகல இட்டது. இலத்தீன் எழுத்தில் எழுதும்போது சாதிப் பெயரின் முதலெழுத்து மட்டும் பெரிதாக வரவேண்டும். கையெழுத்தானால் மூன்று சொற்களுக்கும் தனித்தனியாக அடிக்கோடு. ஒரே நீளக் கோடாக இழுப்பது பிழை.