முறுக்கினால் கசிவு நிற்காது

சொட்டும் குழாயைப் பார்த்ததும் பெரும்பாலோர் செய்வது ஒன்றுதான்: இன்னும் கொஞ்சம் இறுக்கி முறுக்குவார்கள். அன்றைக்குச் சொட்டு நிற்கும். ஆனால் உள்ளே ரப்பர் வாஷர் நசுங்கியிருக்கும். சில நாட்களில் அதே குழாய் முன்பைவிட வேகமாகச் சொட்டத் தொடங்கும். மறுபடியும் முறுக்குவோம். வாஷர் முழுவதும் தேய்ந்த பிறகு உலோகத்தின் மேல் உலோகம் உரசி, வாஷர் அமரும் இடமே பள்ளமாகிவிடும். சின்ன வாஷரோடு முடிந்திருக்க வேண்டிய வேலை, குழாயையே மாற்றும் வேலையாக வளர்ந்துவிடும். விநாடிக்கு ஒரு துளி என்றாலும் நாளுக்கு 86,400 துளிகள். இரவில் அடியில் ஒரு பாத்திரத்தை வைத்துவிட்டுக் காலையில் பாருங்கள், மனம் பதைக்கும்.

நான் பார்த்தவரை, வீட்டுக் குழாய்ப் பழுதுகளைப் பெரிதாக்குவது அவசரமும் பலமும்தான். அந்தப் பலம் சில நேரம் பாட்டிலிலும் வருகிறது. சிங்க் அடைத்துக்கொண்டால் உடனே அமிலத்தையோ அடைப்பு நீக்கும் மருந்தையோ ஊற்றுகிறோம். காஸ்டிக் சோடா உள்ள மருந்து நீரில் கரையும்போதே கடுமையாகச் சூடேறும். தோலையும் கண்ணையும் பொசுக்கும். ஒன்று வேலை செய்யவில்லை என்று இன்னொன்றை ஊற்றுவது அதைவிட மோசம். பிளீச்சோடு அமிலம் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். மூடிய குளியலறையில் அது உயிருக்கே உலை வைக்கும். மருந்து ஊற்றியதைச் சொல்லாமல் பிளம்பரைக் குழாயைக் கழற்றச் சொல்வது பெரிய அநியாயம். தெறிப்பது அவர் முகத்தில்தான். முதலில் ரப்பர் பம்ப்பை எடுங்கள். சிங்கின் மேல்விளிம்பில் துளை இருந்தால் ஈரத் துணியால் அடைத்துக்கொண்டு, ரப்பர் மூழ்கும் அளவுக்குத் தண்ணீர் விட்டு அழுத்துங்கள். போகாவிட்டால் அடியில் வாளி வைத்து, வளைவுக் குழாயைக் கையால் கழற்றிப் பாருங்கள். எண்ணெயும் முடியும் திரண்டு அடைத்திருப்பது பெரும்பாலும் அங்கேதான். கொதிக்கும் தண்ணீரை ஊற்றுவதும் வேண்டாம். பிவிசி குழாய் அந்தச் சூட்டில் இளகி வளைந்துவிடும்.

அந்த வளைவில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் தேங்கி நிற்கும். சாக்கடைக் காற்று வீட்டுக்குள் வராமல் தடுப்பது அந்தத் தண்ணீர்தான். அதிகம் புழங்காத குளியலறையில் நாற்றம் வந்தால் வாசனைத் திரவம் தேடாதீர்கள். ஒரு குவளைத் தண்ணீரை வடிகாலில் ஊற்றிப் பாருங்கள்.

தண்ணீர் மெதுவாக வருகிறது என்று பெரிய தொட்டி வாங்குகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். அழுத்தத்தைத் தீர்மானிப்பது தொட்டியின் கொள்ளளவு அல்ல, உயரம். 10 மீட்டர் உயரத்துக்கு ஏறத்தாழ 1 பார் (bar, அழுத்தத்தை அளக்கும் அலகு) கிடைக்கும். குழாய்க்கு 3 மீட்டர் மேலே இருக்கும் தொட்டி, எவ்வளவு பெரியதானாலும், சுமார் 0.3 பார்தான் தரும். ஒரே ஒரு குழாயில் மட்டும் வேகம் குறைந்திருந்தால் அதன் வாயிலுள்ள சல்லடையைக் கழற்றிக் கழுவினாலே போதும்.

கழிப்பறையின் ஃபிளஷ் தொட்டி சத்தமில்லாமல் ஒழுகும். தொட்டித் தண்ணீரில் சில துளி உணவு வண்ணம் கலந்து, அரை மணி நேரம் ஃபிளஷ் செய்யாமல் விடுங்கள். கோப்பையில் நிறம் தெரிந்தால் அடி ரப்பர் சரியாக மூடவில்லை என்று பொருள்.

குழாய் பொருத்தும்போது, மரையில் கசியாமல் இருக்கச் சுற்றும் மெல்லிய நாடாவான டெஃப்லான் டேப்பை மரை இறுகும் திசையிலேயே சுற்ற வேண்டும். எதிர்த் திசையில் சுற்றினால் பொருத்தும்போதே பிரிந்துவிடும்.

வாட்டர் ஹீட்டரில் ஒரு காரியத்தை மட்டும் எக்காரணம் கொண்டும் செய்யாதீர்கள். சூடாகும்போது தண்ணீர் விரிவடைவதால், சில ஹீட்டர்களில் பாதுகாப்பு வால்விலிருந்து சொட்டுவது இயல்பு. அதைக் கசிவு என்று நினைத்து அடைத்துவிட்டால், மிஞ்சும் அழுத்தத்துக்குப் போக்கிடம் இருக்காது; கருவி வெடிக்கக்கூடும். சூடாக்காத நேரத்திலும் ஓயாமல் வடிந்தால் பழுது பார்ப்பவரை அழையுங்கள்.

இவ்வளவு தெரிந்தவர்களிடமும் வீடு முழுவதற்கும் வரும் தண்ணீரை நிறுத்தும் பிரதான வால்வு எங்கே இருக்கிறது என்று கேட்டால் பலர் விழிப்பார்கள். குழாய் உடைந்து வீடு நனையும்போது தேட வேண்டியதல்ல அது. அது பல சுற்று திருகி மூடும் கேட் வால்வாக இருந்தால், ஆண்டுக்கணக்கில் தொடாதபோது அப்படியே இறுகிப்போகும். அந்த நேரத்தில் பதற்றத்தில் முறுக்கினால் தண்டு ஒடியும். ஆண்டுக்கு இரண்டு முறை மெதுவாக மூடித் திறந்து வையுங்கள். முழுதும் திறந்த பிறகு கால் சுற்று பின்னுக்குத் திருப்பிவிட்டால் மறுமுறை சிக்காமல் திரும்பும். வீட்டில் இருக்கும் ஒவ்வொருவருக்கும், சிறுவர்களுக்கும்கூட, அதை நேரில் காட்டிக்கொடுங்கள்.