லண்டனை விட்டு வடக்கே குடிபோகிறீர்களா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஹாரோவிலோ ஈஸ்ட்ஹாமிலோ பல வருஷம் இருந்துவிட்டு வேலைக்காக லீட்ஸுக்கோ கிளாஸ்கோவுக்கோ போகிறவர்கள், 'அதே நாடுதானே, அதே இங்கிலீஷ்தானே' என்று நினைத்துத்தான் கிளம்புகிறார்கள். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. 'ஸ்னிக்கெட்', 'ஸ்பெல்க்' என்று கேட்டறியாத சொல் வந்தால் யாராக இருந்தாலும் 'அப்படியென்றால் என்ன?' என்று கேட்டுவிடுவார்கள். முன்னது யார்க்‌ஷயரில் இரண்டு வீடுகளுக்கு நடுவே போகும் சந்து, பின்னது நியூகாசில் பக்கத்தில் விரலில் ஏறிய சிராய். கேட்டால் தெரிந்துவிடும், நஷ்டம் ஒன்றுமில்லை. நன்றாகத் தெரிந்த சொல் வேறு பொருளில் வரும்போதுதான் கேட்கவே தோன்றாது. டின்னர், டீ, புட்டிங், டவுட், ஸ்டே எல்லாம் அந்த வகை.

டீக்கு அழைத்தால் சாப்பிட்டுவிட்டுப் போகாதீர்கள்

வடக்கு இங்கிலாந்தில் பலருக்கு டின்னர் என்றால் மத்தியானச் சாப்பாடு, டீ என்றால் சாயங்காலச் சாப்பாடு. பக்கத்து வீட்டுக்காரர் டீக்கு வரச் சொன்னால் ஐந்து, ஆறு மணிவாக்கில் முழுச் சாப்பாடு தயாராக இருக்கும். நாலு மணிக்கே பிஸ்கட் பொட்டலத்தோடு போய் நிற்பது ஒரு தவறு. அதைவிட மோசம், வீட்டில் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுப் போய், சமைத்து வைத்தவர் முன்னால் தட்டைத் தள்ளி வைப்பது. வெறும் தேநீர் என்றால் 'ப்ரூ' என்பார்கள். சைவக்காரர்கள் அழைப்பை ஏற்கும்போதே எது வேண்டாம் என்று பெயர் சொல்லிச் சொல்லிவிடுங்கள். 'வெஜிடேரியன்' என்று மட்டும் சொன்னால் முட்டை வரலாம், ஏனென்றால் இங்கே அந்தச் சொல்லுக்குள் முட்டையும் அடக்கம்.

நேரம் சொல்வதிலும் கவனம் வேண்டும். யார்க்‌ஷயரில் 'வைல்' என்பதை 'வரை' என்ற பொருளில் சொல்வார்கள். 'நைன் வைல் ஃபைவ்' என்றால் ஒன்பதிலிருந்து ஐந்து வரை. ஸ்காட்லாந்தில் 'த பேக் ஆஃப் எய்ட்' என்றால் எட்டு அடித்துச் சற்று நேரத்தில். எட்டரைக்குப் போனால் தாமதம். வேல்ஸில் ஒருவர் 'நவ் இன் எ மினிட்' என்றால் உடனே எழுந்து நிற்காதீர்கள், கொஞ்ச நேரம் கழித்து என்றுதான் அர்த்தம்.

ஃபிஷ் அண்ட் சிப்ஸ் கடையில்

சைவக்காரர்களும் மாட்டிறைச்சி தவிர்ப்பவர்களும் ஹலால் பார்ப்பவர்களும் அதிகம் ஏமாறுவது இங்கேதான். லண்டனில் சிப்ஸ் பெரும்பாலும் தாவர எண்ணெயில் பொரிப்பதால், சிப்ஸ் என்றாலே உருளைக்கிழங்கும் எண்ணெயும்தான் என்று மனதில் பதிந்துவிடுகிறது. யார்க்‌ஷயரில் பல கடைகளில் பீஃப் டிரிப்பிங், அதாவது உருக்கி வடித்த மாட்டுக் கொழுப்பில் பொரிப்பார்கள். மொறுமொறுப்பும் மணமும் அதில்தான் வரும் என்பது அவர்கள் நம்பிக்கை. ஒளித்துச் செய்வதில்லை, பெருமையாகப் பலகையிலேயே எழுதி வைத்திருப்பார்கள். நாம்தான் படிப்பதில்லை.

கவுன்டரில் இரண்டு கேள்வி கேளுங்கள். முதலாவது, எதில் பொரிக்கிறீர்கள், டிரிப்பிங்கா வெஜிடபிள் ஆயிலா? இரண்டாவது, மீனும் சாசேஜும் பொரிக்கும் அதே சட்டியிலா சிப்ஸும் பொரிக்கிறீர்கள்? தாவர எண்ணெய்க் கடையாக இருந்தாலும் சட்டி ஒன்றாக இருக்கலாம். கிரேவி ஊற்றச் சொல்வதானால் அதில் என்ன சேர்கிறது என்று தனியாகக் கேட்க வேண்டும். 'ஸ்க்ராப்ஸ்' என்று சிப்ஸ் மேல் தூவுவது மீனிலிருந்து உதிர்ந்த மாவுத் துணுக்குகள், குழந்தைகள் ஆசைப்பட்டாலும் அது மீன் பொரித்த கொழுப்பிலிருந்து அள்ளியதுதான். மஷ்ஷி பீஸ் உலர்ந்த பெரிய பட்டாணியைச் சோடா உப்புப் போட்டு ஊறவைத்து வேகவைத்தது, சாதாரணமாகப் பயமில்லை.

ஸ்காட்லாந்தில் 'ஃபிஷ் சப்பர்' என்று பலகையில் பார்த்தால் அது இரவுச் சாப்பாட்டு நேரத்துக்கு மட்டும் உரியது என்று எண்ண வேண்டாம். சப்பர் என்றால் சிப்ஸோடு சேர்த்து. சிப்ஸ் வேண்டாம் என்றால் 'சிங்கிள்' கேட்க வேண்டும். மீன் பெரும்பாலும் ஹாடக், லண்டன் பழக்கத்தில் காட் எதிர்பார்க்கக் கூடாது. எடின்பரோவில் 'சால்ட் அண்ட் சாஸ்?' என்று கேட்பார்கள். தலையாட்டினால் நீர்க்கக் கரைத்த பிரவுன் சாஸை மேலே ஊற்றிவிடுவார்கள். தக்காளி சாஸ் என்று நினைத்தவர்களுக்குச் சாப்பாடு வீண். கிளாஸ்கோவில் வினிகர்தான் வழக்கம்.

யார்க்‌ஷயர் ஃபிஷ்கேக்கும் வேறு. மற்ற இடங்களில் மீனும் மசித்த கிழங்கும் கலந்த வடிவம். இங்கே இரண்டு உருளைக்கிழங்கு வில்லைக்கு நடுவே மீன் வைத்து, மாவில் முக்கிப் பொரித்தது.

புட்டிங் என்ற பெயரை நம்ப வேண்டாம்

பிளாக் புட்டிங்கில் பன்றி ரத்தம் இருப்பது பலருக்குத் தெரியும். வெள்ளையாக இருப்பதால் வைட் புட்டிங் சைவம் என்று எடுத்துக்கொள்வதுதான் தவறு. ரத்தம்தான் இல்லை, ஓட்ஸோடு கொழுப்பு சேர்ந்திருக்கும். யார்க்‌ஷயர் புட்டிங் இனிப்பே இல்லை. மாவு, முட்டை, பால் கரைத்துச் சூடான கொழுப்பில் ஊற்றிச் சுடுவது, அந்தக் கொழுப்பு டிரிப்பிங்காக இருப்பது பழைய வழக்கம். வடகிழக்கில் பீஸ் புட்டிங் மஞ்சள் பட்டாணிப் பருப்பு மசியல். பார்த்தால் நம் வீட்டுப் பருப்புதான், ஆனால் பழைய முறையில் ஹாம் வேகவைத்த தண்ணீரில்தான் அது வேகும்.

இதற்கு நேர்மாறாக, பெயரைப் பார்த்துப் பயந்து நல்லதைத் தவறவிடுவதும் உண்டு. கிறிஸ்துமஸ் மின்ஸ் பை (pie) என்ற பண்டத்தில் உள்ளது கைமா அல்ல, உலர்பழக் கலவை. ஆனால் அதில் சூயட் என்ற கொழுப்பு சேரும். டப்பாவில் 'வெஜிடபிள் சூயட்' என்று இருந்தால் சரி, வெறும் 'சூயட்' என்றால் மாட்டுக் கொழுப்பு. தென் வேல்ஸின் லேவர்பிரெட் ரொட்டி அல்ல, கடற்பாசி. லிவர்பூலில் ஸ்கௌஸ் என்பது இறைச்சிக் குழம்பு, 'பிளைண்ட் ஸ்கௌஸ்' என்று கேட்டால் இறைச்சி இல்லாதது கிடைக்கும். பிரெஸ்டன் பக்கம் பட்டர் பை என்றால் உருளைக்கிழங்கும் வெங்காயமும். வெள்ளிக்கிழமை இறைச்சி விலக்கும் கத்தோலிக்கர்களோடு சேர்ந்த பண்டம் அது. சைவக்காரர்களுக்கு லங்காஷயரில் இதைவிட நல்ல பை கிடையாது. மேல்மாவில் லார்ட் இருக்கிறதா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். லார்ட் என்பது பன்றிக் கொழுப்பு. அபர்டீனின் பட்டரி என்ற உப்பு ரொட்டியில் பெயர் வெண்ணெய், பழைய செய்முறையில் லார்டும் உண்டு.

கார்னிஷ் பாஸ்டி 2011 முதல் புவிசார் பாதுகாப்புப் பெற்ற பெயர். அந்தப் பெயரில் விற்பதில் குறைந்தது 12.5 சதவீதம் மாட்டிறைச்சி இருந்தாக வேண்டும். ஆகவே அந்தப் பெயரில் 'வெஜ்' எதிர்பார்க்க முடியாது. சீஸ் அண்ட் ஆனியன் பாஸ்டி என்று தனியாகக் கேட்க வேண்டும்.

ஓட்கேக் ஸ்காட்லாந்தில் மொறுமொறு பிஸ்கட். ஸ்டோக் நகரத்தில் தோசை போல மெல்லிதாக, மிருதுவாக இருக்கும், உள்ளே சீஸ் வைத்து மடித்துத் தருவார்கள். பன் ரொட்டிக்கு மட்டும் ஊருக்கு ஒரு பெயர். மான்செஸ்டரில் பார்ம், நாட்டிங்ஹாமில் காப், கோவன்ட்ரியில் பேட்ச், ஷெஃபீல்டில் பிரெட்கேக். எல்லாவற்றையும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை, கண்ணாடிக்குள் இருப்பதை விரலால் காட்டினால் போதும். மேற்கு யார்க்‌ஷயரில் டீகேக் கேட்டால் திராட்சை போடாத வெறும் பன் வரலாம் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

ஸ்காட்லாந்தில் காது கொடுத்துக் கேட்க வேண்டியவை

'ஐ டவுட் ஹி'ல் பி லேட்' என்று ரிசப்ஷனில் சொன்னால், அவர் தாமதமாக மாட்டார் என்று நிம்மதியாக உட்காராதீர்கள். தாமதமாவார் போலிருக்கிறது என்று பொருள். 'வேர் டு யூ ஸ்டே?' என்றால் எந்த ஓட்டலில் தங்கியிருக்கிறீர்கள் என்றல்ல, வீடு எங்கே என்று. 'மெசேஜஸ்' வாங்கப் போவதென்றால் மளிகை வாங்கப் போவது. 'டர்னிப்' கேட்டால் பெரும்பாலும் உள்ளே ஆரஞ்சு நிறமான 'ஸ்வீட்' (swede) என்ற கிழங்கைத்தான் தருவார்கள்.

மருத்துவமனையில் வேலைக்குச் சேர்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம். 'ஜாக்' ஊசி, 'ஆக்ஸ்டர்' அக்குள், 'போக்' குமட்டல், 'பீலிவாலி' வெளிறிப்போன முகம், 'பீலிங்' சீழ் வைத்த புண். புரியாவிட்டால் உடனே, நோயாளியிடமே, இடத்தைத் தொட்டுக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். யூகித்துக் குறிப்பு எழுதுவது ஆபத்து.

நோயாளியோ கடைக்காரரோ 'லவ்', 'ஹென்', 'பெட்', 'டக்' என்று கூப்பிட்டால் அது உரிமை கொண்டாடுவதோ மட்டம் தட்டுவதோ அல்ல. ஷெஃபீல்டில் ஆணை ஆணே 'லவ்' என்பார். நாமாக அதைத் திருப்பிச் சொல்லாமல் இருப்பது நல்லது, பழகும்வரை.

தேதிகளும் வீடும்

குழந்தைகளோடு ஸ்காட்லாந்து போகிறவர்கள் செப்டம்பரில் போய்ச் சேரத் திட்டமிட்டால் பள்ளி தொடங்கிச் சில வாரங்கள் ஆகியிருக்கும். அங்கே ஆகஸ்ட் நடுவிலேயே திறந்துவிடுகிறார்கள், ஜூன் கடைசியில் கோடை விடுமுறை. வயதுக் கணக்கும் வேறு: இங்கிலாந்தில் செப்டம்பர் 1-இல் வகுப்பு பிரிகிறது, ஸ்காட்லாந்தில் மார்ச் 1-இல். 2020 மே மாதம் பிறந்த குழந்தை இங்கிலாந்தில் 2024 செப்டம்பரில் 'ரிசெப்ஷன்' என்ற முதல் வகுப்பில் சேரும், ஸ்காட்லாந்தில் 2025 ஆகஸ்டில்தான் பிரைமரி 1. வகுப்பு எண்ணை அப்படியே மாற்றி எழுதாமல், பிறந்த தேதியைச் சொல்லிக் கவுன்சிலிடம் கேளுங்கள்.

அங்கே ஜனவரி 2 அரசு விடுமுறை. ஈஸ்டர் திங்கள் இல்லை. ஆகஸ்ட் விடுமுறை மாதத்தின் முதல் திங்கள், கடைசி அல்ல. லண்டன் உறவினர்களை வரச் சொல்லி விருந்து வைக்குமுன் நாட்காட்டியைப் பார்க்க வேண்டும். கடைகளில் மது காலை 10 முதல் இரவு 10 வரை மட்டுமே. வண்டி ஓட்டுகிறவர்களுக்கான வரம்பும் கடுமை: 100 மில்லி ரத்தத்தில் 50 மில்லிகிராம், இங்கிலாந்தில் 80.

கிளாஸ்கோவின் பழைய கல் கட்டடங்களில் வீடு எடுத்தால், 'க்ளோஸ்' என்பது பொதுவான நுழைவாசலும் படிக்கட்டும். அதைப் பராமரிக்கும் நிறுவனத்துக்கு 'ஃபேக்டர்' என்று பெயர். அந்தப் பெயரில் வரும் கடிதத்தை விளம்பரம் என்று குப்பையில் போட வேண்டாம். சில கட்டடங்களில் படி கழுவும் முறை என்று ஒரு அட்டை கதவுக் கைப்பிடியில் தொங்கும். உங்கள் கதவில் தொங்கினால் உங்கள் வாரம். கழுவி முடித்து அடுத்த வீட்டுக் கதவில் மாட்டிவிட வேண்டும். முகவரியில் 2/1 என்றால் இரண்டாம் மாடி, முதல் வீடு. தரைத்தளம் 0. அந்தச் சாய்கோட்டை விட்டுவிட்டு 21 என்று எழுதினால் பார்சல் வேறு வாசலுக்குப் போய்விடும்.