மெயில் சர்வரை ஸ்பேமர்களிடமிருந்து காக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

"ஓபன் ரிலே டெஸ்ட் போட்டுப் பார்த்தாச்சு, பிரச்சினை இல்லை" என்று ஒரு நிர்வாகி சொன்னால், அவரிடம் முதலில் கேட்க வேண்டியது, டெஸ்டை எங்கிருந்து போட்டீர்கள் என்பதுதான். பாதிப் பேர் சர்வரிலேயே உட்கார்ந்துகொண்டு போட்டிருப்பார்கள், இல்லாவிட்டால் அதே அலுவலக நெட்வொர்க்கிலிருந்து. அந்தச் சோதனையால் ஒன்றும் தெரியாது. ஸ்பேமர் உள்ளேயிருந்து வருவதில்லை.

முன்பின் தெரியாத ஒருவர், உங்களுக்குச் சம்பந்தமே இல்லாத இன்னொருவருக்கு, உங்கள் சர்வர் வழியாக மெயில் அனுப்ப முடிந்தால் அது ஓபன் ரிலே. மெயிலை அனுப்பும் விதிமுறையான எஸ்எம்டிபி வந்த 1982-ல் இதை யாரும் குறையாகப் பார்க்கவில்லை. அடுத்தவர் மெயிலைக் கடத்திவிடுவது அன்றைக்கு ஓர் உதவி. பின்னால் ஸ்பேம் பெருகியதும் நிலைமை மாறியது. 1998-ல் வந்த, சென்ட்மெயில் என்ற மெயில் சர்வர் மென்பொருளின் 8.9 பதிப்பு, நிறுவியவுடனேயே ரிலேயை மூடி வைத்தது. இன்றைய மென்பொருள்கள் அநேகமாக எல்லாமே மூடிய நிலையில்தான் வருகின்றன. அப்படியானால் இன்றும் ஓபன் ரிலே எப்படி உண்டாகிறது? நாம்தான் திறக்கிறோம்.

போஸ்ட்ஃபிக்ஸ் என்ற மெயில் சர்வர் மென்பொருளின் கான்ஃபிக் ஃபைலில் (அமைப்புக் கோப்பில்) 'மைநெட்வொர்க்ஸ்' என்ற ஒரு வரி உண்டு. அதில் இருக்கும் முகவரிகளிலிருந்து யார் வந்தாலும் கடவுச்சொல் கேட்காமல் மெயிலை வாங்கி அனுப்பிவிடும். 2015-ல் வந்த 3.0 பதிப்புக்கு முன்பு, அந்த வரியை நீங்கள் எழுதாமல் விட்டால், சர்வர் இருக்கும் சப்நெட் (அடுத்தடுத்த ஐபி முகவரிகளின் தொகுப்பு) முழுவதையும் அது நம்பியது. விபிஎஸ் (பெரிய மெஷினில் பங்கிட்டுத் தரும் மெய்நிகர் சர்வர்) வாடகைக்கு எடுத்திருந்தால் அந்த சப்நெட்டில் உங்கள் பக்கத்து மெஷின் யாருடையதோ! பழைய கான்ஃபிக் ஃபைலை வருடக்கணக்காகக் காப்பி செய்து ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் இந்த வரியை இன்றே ஒருமுறை திறந்து பார்க்கட்டும். பிரிண்டர் மெயில் அனுப்பவில்லை என்று அவசரத்தில் யாரோ ஒரு பெரிய முகவரி வரம்பைச் சேர்த்துவிட்டுப் போயிருப்பதும் சகஜம்.

மென்பொருளைக் 'கண்டெய்னர்' என்ற தனித்தனிப் பெட்டிகளில் ஓட்டும் டாக்கரில் இயங்கும் சர்வர்களில் இதே தவறு இன்னும் ஆழமாக ஒளிந்திருக்கும். புதிய முகவரி முறையான ஐபிவி6 வழியாக வரும் இணைப்பை, பழைய ஐபிவி4 மட்டுமே உள்ள கண்டெய்னருக்குக் கொடுக்க டாக்கர் நடுவில் ஒரு ப்ராக்ஸியை (இடைத்தரகரை) வைக்கிறது. போஸ்ட்ஃபிக்ஸ் கண்ணுக்குத் தெரிவது வெளியாளின் முகவரி அல்ல, 172.17.0.1 மாதிரியான டாக்கரின் சொந்த முகவரி. மற்ற கண்டெய்னர்கள் மெயில் அனுப்ப வசதியாக 172.16.0.0/12 வரம்பை நீங்கள் நம்பிக்கைப் பட்டியலில் போட்டிருந்தால், உலகமே வீட்டு ஆளாகிவிடும். ஐபிவி4-ல் சோதித்தால் எல்லாம் சரியாகவே தெரியும். முன்னால் லோட் பேலன்சர் (வரும் இணைப்புகளைப் பிரித்துக் கொடுக்கும் கருவி) வைத்திருப்பவர்களுக்கும் இதே ஆபத்து உண்டு. லாக்கில் (சர்வரின் பதிவேட்டில்) வெளி இணைப்புகள் எந்த முகவரியோடு பதிவாகின்றன என்று பாருங்கள். எல்லாமே ஒரே உள் முகவரியாக இருந்தால் உடனே கவனிக்க வேண்டும்.

சரி, சோதனையை எப்படிச் செய்வது? வேறொரு இடத்திலிருக்கும் மெஷினிலிருந்து, ஐபிவி4, ஐபிவி6 இரண்டிலும், சர்வர்கள் தங்களுக்குள் மெயில் பரிமாறும் போர்ட் 25-க்கு இணையுங்கள். வீட்டு இணைப்பிலிருந்து முயன்றால் பல இணையச் சேவை நிறுவனங்கள் வெளியே போகும் போர்ட் 25-ஐயே தடுத்து வைத்திருக்கும். இணைப்பே கிடைக்காததைப் பாதுகாப்பு என்று நினைத்துவிடக் கூடாது. அனுப்புநர், பெறுநர் இரண்டுமே உங்கள் டொமைனைச் சேராத முகவரிகளாக இருக்கட்டும். '554 5.7.1 ரிலே அக்சஸ் டினைட்' என்பது போல மறுப்பு வர வேண்டும். அப்புறம் அனுப்புநராக உங்கள் டொமைன் முகவரியையே போட்டு இன்னொரு முறை முயலுங்கள். "நம்ம டொமைன் பெயரில் வந்தால் விட்டுவிடு" என்று விதி எழுதியவர்கள் இங்கேதான் மாட்டுவார்கள். அனுப்புநர் முகவரியில் யாரும் எதையும் எழுதலாம், அதை நம்பி ரிலே அனுமதி கொடுக்கவே கூடாது. 250 ('ஏற்றுக்கொண்டேன்') என்று பதில் வந்தால், மெயில் உண்மையில் போய்ச் சேர்ந்ததா என்று பெறுநரின் இன்பாக்ஸில் பார்த்து உறுதி செய்யுங்கள். சில சர்வர்கள் முதலில் வாங்கிக்கொண்டு பின்னால் தூக்கிப் போடும்.

இதெல்லாம் சரியாக இருந்தாலும் வேலை பாதிதான் முடிந்திருக்கிறது. இன்று ஸ்பேமருக்கு எளிய வழி திருடிய கடவுச்சொல். முறையாக லாகின் செய்து வருபவரை எந்த ரிலே சோதனையும் காட்டிக்கொடுக்காது. வேலையை விட்டுப் போனவரின் கணக்கு, ஸ்கேனருக்காகத் திறந்த 'ஸ்கேன்' என்ற கணக்கு, டெஸ்டுக்காக வைத்து மறந்துபோன கணக்கு இவைதான் முதலில் விழும். போர்ட் 25-ல் லாகின் வசதியையே எடுத்துவிட்டு, பயனர்களை, மெயில் அனுப்புவதற்கென்றே உள்ள போர்ட் 587 அல்லது 465-க்கு அனுப்புங்கள். ஒரு கணக்கு மணிக்கு எத்தனை மெயில் அனுப்பலாம் என்று வரம்பு வையுங்கள். என்னைக் கேட்டால், மற்ற எல்லாவற்றையும்விட இந்த வரம்புதான் முக்கியம்: கடவுச்சொல் என்றாவது ஒருநாள் திருடு போகும், அன்றைக்குச் சேதத்தை மணிக்கு ஐம்பது மெயில் போன்ற சிறு அளவோடு நிறுத்துவது இதுதான். ஒருவர் லாகின் செய்துவிட்டு இன்னொருவர் பெயரில் அனுப்புவதையும் தடுத்து வையுங்கள்.

அதே மெஷினில் இணையதளமும் ஓடினால் தொடர்புப் படிவத்தைப் பாருங்கள். பெயர், மின்னஞ்சல் கட்டங்களில் புது வரியை நுழைத்து, கூடுதல் பெறுநர்களைச் சேர்க்க முடிகிற பழைய பிஎச்பி படிவங்கள் இன்னமும் உயிரோடு இருக்கின்றன. அந்த மெயில் உள்ளேயிருந்து கிளம்புவதால் சர்வர் கேள்வி கேட்காது.

இல்லாத முகவரிக்கு வரும் மெயிலை முதலில் வாங்கிவிட்டு, பிறகு "சேரவில்லை" என்று திருப்பி அனுப்புவதும் தவறு. ஸ்பேமில் அனுப்புநர் முகவரி பொய்யாக இருக்கும். உங்கள் பவுன்ஸ் அப்பாவி ஒருவரின் பெட்டியில் போய் விழும். அனுப்பும் சர்வரோடு பேச்சு முடிவதற்குள்ளேயே, வாசலில் வைத்தே மறுத்துவிடுங்கள்.

எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் என்ற அனுப்புநர் சரிபார்ப்பு முறைகள் மூன்றும் போட்டாயிற்று, அதனால் சர்வர் பத்திரம் என்பது இப்போது அதிகம் கேட்கும் வாதம். 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயிலும் யாஹூவும் மொத்தமாக அனுப்புகிறவர்களிடம் இவற்றைக் கட்டாயமாக்கிய பிறகு குழப்பம் கூடிவிட்டது. உங்கள் பெயரை வேறு சர்வர்கள் பொய்யாகப் பயன்படுத்தினால் பெறுபவர் கண்டுபிடிக்கத்தான் இவை. உங்கள் சர்வரையே ஸ்பேமர் பயன்படுத்தினால், அவன் மெயிலும் உங்கள் டிகிம் கையெழுத்தோடு கம்பீரமாகப் போகும்.

ஒருவேளை ஸ்பேம் அனுப்பும் ஐபிகளைப் பட்டியலிடும் ஸ்பாம்ஹவுஸ் போன்ற கறுப்புப் பட்டியலில் உங்கள் ஐபி ஏறிவிட்டால், உடனே நீக்கச் சொல்லி விண்ணப்பிக்காதீர்கள். முதலில் லாக்கில் எந்தக் கணக்கு, எந்த ஐபி என்று கண்டுபிடித்து அந்த வழியை மூடுங்கள். அப்புறம் கியூவில் (அனுப்பக் காத்திருக்கும் வரிசையில்) தேங்கி நிற்கும் ஸ்பேமை அழியுங்கள். இதைத்தான் பலரும் மறக்கிறார்கள்: ஓட்டையை அடைத்த பிறகும், பழைய மெயில்களை போஸ்ட்ஃபிக்ஸ் வழக்கமாக ஐந்து நாள் வரை திரும்பத் திரும்ப அனுப்பிப் பார்க்கும். நீக்கிய மறுநாளே ஐபி மீண்டும் பட்டியலில் ஏறுவதற்கு இதுவே ஒரு முக்கியக் காரணம்.