ஈயம், கட்மியம் ஊறின வளவில என்ன நடலாம்?

பழைய பெற்றரி உடைச்ச இடம், கராஜ் இருந்த காணி, குப்பை எரிச்ச மூலை, இப்படி ஒரு வளவு உங்களிட்ட இருந்தா கீரைப் பாத்தி போடுற எண்ணத்த முதல்ல விடுங்க. ஈயமும் கட்மியமும் நஞ்சான உலோகம், உக்கிப் போற சாமான் இல்ல, வருசக்கணக்கா மண்ணுலயே கிடக்கும்.

மண்ணப் பரிசோதிக்காம ஒண்டும் நடாதீங்க. பத்துப் பன்னிரெண்டு இடத்தில ஒரு சாண் ஆழத்துக்குத் தோண்டி, கலந்து காயவச்சி, எங்க அனுப்புறண்டு விவசாயப் போதனாசிரியரிட்ட கேளுங்க, ஆனா ஈயம், கட்மியம், ஆசனிக் (இதுவும் ஒரு நஞ்சு) பாக்கணும்டு பேர் சொல்லியே கேக்கணும், சும்மா மண் டெஸ்ட் எண்டா பசளைச் சத்தும் பீஎச் எண்ட புளிப்பு அளவும்தான் வரும். பெற்றரி உடைச்ச மூலை மண்ணத் தனிப் பையில போடுங்க, நல்ல மண்ணோட கலந்தா கூடுதலா இருக்கிறது தெரியாமப் போயிரும்.

மறுகா பயிர். அதுல எந்தப் பாகத்தத் திங்கிறம்டு பாருங்க. கட்மியத்தக் கூடுதலா இழுக்கிறது இலைதான், அதால பொன்னாங்காணி, கங்குன், முளைக்கீரை வேணாம். ஈயம் செடிக்குள்ள அவ்வளவா ஏறாது, ஆனா மழைத்துளி தெறிச்சி மண்ணா இலையில ஒட்டும். முள்ளங்கி, மரவள்ளி மண்ணுக்குள்ளயே கிடக்கிறதால அதுவும் சரிவராது. கச்சான் நம்ம மணலுக்கு அருமையா வரும், விட மனசு கேக்காதுதான், எண்டாலும் பருப்புலயே கட்மியம் சேரும், விடுங்க. பயத்தங்காய், பூசணி, புடல், பீர்க்கு, சோளன் இதுகள்ல குறைவாத்தான் ஏறும். கத்தரி இதுகளவிடக் கொஞ்சம் கூட இழுக்கும்.

வாவிக்கரைக் காணிக்காரர் இன்னும் கவனமா இருக்கணும், மணல் மண் கட்மியத்தப் பிடிச்சி வைக்காது, தண்ணி உப்பா இருந்தா அந்த உப்பே கட்மியத்தக் கரைச்சி வேருக்குக் குடுக்கும். டொலமைட் (சுண்ணாம்பு மாதிரி ஒரு கல்லுத் தூள்) போட்டு பீஎச்ச 6.5 கிட்டக் கொண்டு வந்து நல்லா உக்கின மாட்டெருவும் சேத்தா கட்மியம், ஈயம் ரெண்டும் ஏறுறது குறையும், ஆசனிக்குக்கு டொலமைட் உதவாது.

வட்டையில நெல்லெண்டா கதை வேற. தண்ணி கட்டி வச்சா ஆசனிக் கூட ஏறும், வயலக் காயவிட்டா கட்மியம் கூடும், அதால எது இருக்கெண்டு தெரியாமத் தண்ணி முறைய மாத்தாதீங்க.

ரிப்போட்டில அளவு மிச்சம் கூட எண்டா சாப்பாட்டுப் பயிரே வேணாம், வெட்டிவேர், பூக்கண்டு எண்டு நட்டு மண்ண மூடி வைங்க, வெறுந்தரையில புள்ளைகள் விளையாடிக் கைய வாயில வைக்கிறதாலதான் ஈயம் கூட உள்ள போகுது. வெட்டின தழைய மாட்டுக்குப் போடாதீங்க, எருக்குழியிலயும் போடாதீங்க. கீரை இல்லாமச் சோறு இறங்காதெண்டா வெளியிலருந்து நல்ல மண் கொண்டுவந்து உரப்பையில நிரப்பி, அடியில ஓடோ கல்லோ வச்சித் தூக்கி வளருங்க.